மஸ்டாங்கும் சேம அச்சும்

பழைய கார்களைப் பேணுவோர் நடுவே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. காரைத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்தவாறே வைத்திருப்பதா, இன்றைய சாலையில் ஓட்டுவதற்கேற்ப மாற்றிக்கொள்வதா என்பதே அது. கோயில் திருப்பணி செய்பவர்களும் ஏட்டுச்சுவடி பதிப்பிப்பவர்களும் வேறு சொற்களில் இதே வழக்கைத்தான் தலைமுறை தலைமுறையாக நடத்திவருகிறார்கள். கார் வழக்கில் எனக்கு மிகவும் சுவையாகப்படும் கிளை, பின் அச்சை மாற்றுவது பற்றியது. வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. குனிந்து தரையோடு தலையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அப்படிக் குனிந்து பார்த்துவிட்டு, ‘இது அசல் அல்லவே’ என்று உதட்டைப் பிதுக்குபவர்களை முன்னிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பழைய காருக்கு வலுவான அச்சைப் பொருத்துவது, தகுந்த காரணம் இருக்குமாயின், அந்தக் காருக்குச் செய்யும் துரோகம் ஆகாது என்பது என் கட்சி.

பொதுவாகப் பேசினால் வழக்கு காற்றில் கரைந்துவிடும். ஆகவே ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய மஸ்டாங். ஆரம்ப விலை 2,368 டாலர். இரண்டாண்டுகள் நிறைவதற்குள் பத்து லட்சம் கார்களைச் செய்து முடித்தார்கள். நீண்ட முகமும் குட்டையான பின்புறமுமாக, ஓடாமல் நிற்கும்போதே ஓடுவது போன்ற தோற்றம் அதற்கு. ஆனால் அந்தச் சட்டைக்குள் இருந்த உடல் புதியதன்று. 1960-ஆம் ஆண்டுக்கென வந்த ஃபால்கன் என்ற சிக்கனக் காரின் அடித்தளத்தையும் உறுப்புகளையும் கொண்டே மஸ்டாங்கை உருவாக்கினார்கள். பின்புறம் இரண்டு லீஃப் ஸ்பிரிங் பட்டைகள், அவற்றின்மீது குறுக்கே கிடக்கும் இரும்புக் குழல் போன்ற அச்சு. மாட்டுவண்டிக்காரர் பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

அந்த அச்சு எல்லா மஸ்டாங்குக்கும் ஒன்றாக இருக்கவில்லை என்பதைத் தூய்மைவாதிகள் அறிவார்கள். ஆனால் அதன் பொருளை யோசிப்பதில்லை. ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்ட எளிய காருக்கு, கிரவுன் சக்கரத்தின் விட்டம் 7¼ அங்குலமே உள்ள மெலிந்த அச்சு. சக்கரத்துக்கு நான்கு போல்ட்டுகள். எட்டு சிலிண்டர் காருக்கு 8 அங்குல அச்சு, ஐந்து போல்ட்டுகள். 271 குதிரைத்திறன் கொண்ட உயர்திறன் 289 எஞ்சினைக் கேட்டு வாங்கியவர்களுக்கு 9 அங்குல அச்சு. அதாவது எஞ்சின் வளர வளர அச்சையும் தொழிற்சாலையே வளர்த்தது. எந்தத் திறனுக்கு எந்த அச்சு என்பது பொறியாளர்களின் கணக்கு. அந்த அச்சுகளில் ஒன்றுக்கு மட்டும் புனிதம் கற்பிப்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

கணக்கு என்றேன். அதைக் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது. எஞ்சினின் முறுக்குவிசை அப்படியே சக்கரத்துக்குப் போவதில்லை. கியர் பெட்டியில் ஒருமுறை பெருக்கப்பட்டு, அச்சின் நடுவே உள்ள பினியனும் கிரவுன் சக்கரமும் சேரும் இடத்தில் இன்னொரு முறை பெருக்கப்பட்டு, பிறகே அரைத்தண்டுகள் வழியாக இரு சக்கரங்களுக்கும் பிரிகிறது. 225 குதிரைத்திறன் கொண்ட 289 எஞ்சினின் உச்ச முறுக்குவிசை, அக்காலக் கணக்குப்படி 305 பவுண்டு-அடி. நான்கு கியர் பெட்டியில் முதல் கியரின் விகிதம் 2.78. அச்சின் விகிதம் 3.00. மூன்றையும் பெருக்கினால் 2,500-ஐத் தாண்டுகிறது. இதே எஞ்சினை மாற்றாமல், நெடுஞ்சாலையில் நிம்மதியாகப் போகலாமே என்று 1980-களின் மஸ்டாங்கிலிருந்து ஐந்து கியர் பெட்டியைக் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். அதன் முதல் கியர் 3.35. அதற்குத் தோதாக அச்சின் விகிதத்தை 3.55 ஆக்குகிறார்கள். இப்போது பெருக்கினால் 3,600-க்கு மேல். ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டவில்லை. அச்சின் மேல் விழக்கூடிய பாரம் மட்டும் நாற்பது சதவீதத்துக்கும் மேல் கூடிவிட்டது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: டயர். 1965-இல் இந்தக் காருக்குக் கொடுத்தது குறுகலான பழைய பாணி டயர். பச்சை விளக்கு எரிந்தவுடன் ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால் டயர் கீச்சென்று கத்திக்கொண்டு வழுக்கும். அப்படி வழுக்குவதே அச்சுக்குப் பாதுகாப்பு. வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் கம்பி செய்யும் வேலையை அந்த மட்டமான ரப்பர் செய்துகொண்டிருந்தது. இன்று அதே காரில் அகலமான ரேடியல் டயர்களைப் போடுகிறார்கள். மழையில் நிற்கவும் வளைவில் பிடிக்கவும் அது அவசியம்; அதைக் குறை சொல்ல எந்தத் தூய்மைவாதிக்கும் மனம் வராது. ஆனால் ரேடியல் டயர் சாலையைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. வழுக்காத டயர், பாரம் முழுவதையும் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது: அரைத்தண்டுக்கு, டிஃபரன்ஷியலின் சின்னப் பல்சக்கரங்களுக்கு, பினியனின் பற்களுக்கு. அங்கே ஏதாவது ஒன்று முறியும். நாற்சந்தியின் நடுவில்தான் முறியும், ஏனென்றால் நின்ற இடத்திலிருந்து புறப்படும்போதுதான் பாரம் உச்சத்தில் இருக்கிறது.

மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது ‘வலியறிதல்’ அதிகாரத்தில். அங்கே பேச்சு அரசனின் படைவலியைப் பற்றியது என்றாலும், அச்சு முறிவதைக் கண்ணால் பார்த்த ஒருவர்தான் அந்த உவமையைத் தேர்ந்திருக்க முடியும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். மஸ்டாங்கின் கதையில் மயிற்பீலியாக வந்து சேர்ந்தவை ஐந்தாவது கியரும் நல்ல டயரும். ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமானது. பாரம் அல்லவே அல்ல என்று சொல்லும்படி இலேசானது.

இனி, பொருத்தப்படும் அச்சைப் பற்றி. ஃபோர்டின் 9 அங்குல அச்சு 1957 மாடல் கார்களில் தொடங்கி 1986 வரை தொழிற்சாலையில் உற்பத்தியானது. கார், லாரி, பிராங்கோ என்று எல்லாவற்றுக்கும் அதைப் போட்டார்கள். அதன் வலிமைக்குக் காரணம் அளவு மட்டும் இல்லை. பினியன், கிரவுன் சக்கரத்தின் மையத்துக்கு நேராக வராமல் மிகத் தாழ்ந்து வந்து சேர்கிறது. அப்படித் தாழ்வதால் பற்கள் நீளமாகச் சாய்ந்து ஒன்றையொன்று தழுவிக்கொள்கின்றன. பாரம் தாங்கும் பரப்பு கூடுகிறது. பெரும்பாலான அச்சுகளில் பினியனை இரண்டு பேரிங்குகள் பிடித்திருக்க, இதில் அதன் மூக்கு நுனியிலும் மூன்றாவதாக ஒரு பேரிங் உண்டு. பாரம் ஏறும்போது பினியன் விலகி நிற்க அது விடாது. அரைத்தண்டுகளை வெளி முனையிலேயே தகடு வைத்துப் பூட்டியிருப்பதால், உள்ளே தண்டு முறிந்தாலும் சக்கரம் காரை விட்டுத் தனியே ஓடிவிடுவதில்லை. பல்சக்கரத் தொகுதி முழுவதையும் முன்பக்கமாக ஒரே பிண்டமாகக் கழற்றி மேசைமேல் வைத்து நிதானமாகச் சரிபார்க்கலாம். அமெரிக்க மெக்கானிக்குகள் அதைப் பூசணிக்காய் என்கிறார்கள். நாஸ்கார் பந்தயத்தின் முதல்நிலைத் தொடரில் ஷெவர்லே, டொயோட்டா என்று வேறு பெயர் ஒட்டி ஓடிய கார்களின் அடியிலும் 2021 வரை இருந்தது இந்த ஃபோர்ட் வடிவமைப்பில் வந்த அச்சே. விசுவாசம் பேசும் ரசிகர்கள் குனிந்து பார்ப்பதில்லை போலும்.

இந்த அச்சைத் தேடியவர்களின் வரலாற்றில் ஒரு நகைமுரண் உண்டு. 1977-இல் ஃபோர்ட் நிறுவனம் காடிலாக் செவீலுக்குப் போட்டியாக லிங்கன் வெர்சாய் என்றொரு சொகுசுக் காரை இறக்கியது. சாதாரண கிரானடா காருக்கு நகை பூட்டி, விலையை ஏற்றி விற்ற கார் அது. வாங்குபவர்கள் ஏமாறவில்லை. 1980-உடன் கதை முடிந்தது. நான்கு மாடல் ஆண்டுகளில் விற்றது ஏறத்தாழ 50,000. இன்று அந்தக் காரை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. ஆனால் அதன் வயிற்றடியில் 9 அங்குல அச்சும், அந்த அச்சில் டிஸ்க் பிரேக்கும் இருந்தன. அகலமோ பழைய மஸ்டாங்குக்குக் கிட்டத்தட்டப் பொருந்தி வந்தது. பொருந்தாமல் எப்படி இருக்கும்? வெர்சாயின் அடித்தளம் கிரானடாவிலிருந்து வந்தது. கிரானடாவின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் அதே ஃபால்கனில் போய் நிற்கும். ஆக, மஸ்டாங் அச்சுக்காகப் பழைய இரும்புக் கிடங்குகளில் அலைந்தவர்கள், தாமறியாமலே ஒன்றுவிட்ட சகோதரனின் எலும்பை எடுத்துப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். யாரும் விரும்பாத காரின் முதுகெலும்பு, எல்லோரும் விரும்பும் காரின் அடியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைச் சிதைவு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

தூய்மைவாதியின் தரப்பில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. மஸ்டாங்கின் கதவில் ஒரு தகடு உண்டு. அதில் நிறம், உள்ளலங்காரம், செய்த நாள் ஆகியவற்றுடன் அச்சுக்கும் ஒரு குறியீடு இருக்கும்: எண் வந்தால் சாதாரண டிஃபரன்ஷியல், எழுத்து வந்தால் இரு சக்கரமும் சேர்ந்து தள்ளும் வகை. கார் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொண்ட சாட்சியம் அது. அச்சை மாற்றினால் அந்தத் தகடு பொய் சொல்லத் தொடங்குகிறது. நாளை இந்தக் காரை ஆராய வரும் ஒருவர், 1965-இல் இப்படித்தான் செய்தார்கள் போலும் என்று தவறாக எழுதிவிடக்கூடும். வரலாற்றின்மேல் அக்கறை உள்ள எவரும் இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் இதற்கான விடையை நம்முடைய பதிப்பாளர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். சிதைந்த சுவடியில் ஓர் அடி பொருள்படவில்லை என்றால், பதிப்பிப்பவர் சரியெனப்பட்ட பாடத்தை மேலே வைக்கிறார். மற்றப் பிரதியில் கண்டதை அடிக்குறிப்பில் தருகிறார். உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் பிரதிபேதங்களைக் குறித்துவைத்ததால்தான் பின்வந்தவர்கள் அவரோடு மாறுபடவும் முடிந்தது. திருத்தியது குற்றமில்லை, திருத்திய சுவடு தெரியாமல் அழிப்பதே குற்றம். பழங்காரில் மோசடி என்று நான் கருதுவது வலுவான அச்சை அன்று. சாதாரண காரின் தகட்டை மாற்றி, எண்களைப் புதிதாகப் பொறித்து, இது அபூர்வ வகை என்று ஏலத்தில் நிறுத்துகிறார்களே, அதை. அந்தக் கார் முழுக்க முழுக்க ‘அசல்’ போலத் தோன்றும். உதட்டைப் பிதுக்கும் கனவான் அதன்முன் கைகட்டி நிற்பார்.

ஷெல்பி விஷயத்தையும் இங்கே நினைவூட்டவேண்டும். 1965-இல் கரோல் ஷெல்பியின் பட்டறை, ஃபோர்ட் அனுப்பிய மஸ்டாங்குகளைப் பிரித்து, ஜி.டி. 350 என்ற பெயரில் மாற்றி விற்றது. அச்சுக்குள்ளே டெட்ராய்ட் லாக்கர் என்ற முரட்டு டிஃபரன்ஷியலைப் போட்டார்கள். அச்சு தன்னையே முறுக்கிக்கொள்ளாமல் இருக்கக் காரின் தரைத்தகட்டைத் துளைத்து இரும்புக் கைகளை இறக்கினார்கள். அந்த ஆண்டு வெளிவந்தவை அறுநூறுகூட இல்லை. இன்று மஸ்டாங் பக்தர்களின் மூலவர் அதுவே. அதன் ஒவ்வொரு வெட்டும் ஒட்டும் இப்போது ‘அசல்’. அவற்றில் ஒன்று குறைந்தாலும் விலை சரிகிறது. ஒருவர் பட்டறையில் செய்தால் ஆகமம், இன்னொருவர் செய்தால் ஆகமமீறல் என்பதற்கு, காலமும் பெயரும் தவிர வேறு என்ன அளவுகோல்?

அளவுகோல் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மஸ்டாங் பிறந்த அதே 1964-இல் கட்டடப் பாதுகாப்புக்காக வெனிஸ் சாசனம் எழுதப்பட்டது. புதிதாகச் சேர்த்த பகுதி முழுமையோடு இசைந்திருக்கவும் வேண்டும், அதேநேரம் அசலிலிருந்து வேறுபடுத்தி அறியக்கூடியதாகவும் இருக்கவேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. அதன் வழியில், பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் டூரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. மாற்றம் அவசியமானால் அடக்கமாகச் செய்யவேண்டும், மீட்டெடுக்கத்தக்கதாகச் செய்யவேண்டும், கழற்றிய முக்கிய உறுப்புகளை வாகனத்தோடே வைத்திருக்கவேண்டும் என்று அது சொல்கிறது. இவற்றை வைத்துப் பார்த்தால் அச்சு மாற்றம் எவ்வளவோ சாதுவானது. நான்கு யூ போல்ட்டுகள், இரண்டு ஷாக் அப்சார்பர்கள், ஒரு புரொபெல்லர் ஷாஃப்ட், ஒரு பிரேக் குழாய், கை பிரேக்கின் கம்பிகள். கழற்றியதை மறுபடி மாட்டினால் கார் பழையபடி ஆகிவிடும். காரின் உடலில் ஒரு துளைகூட விழவேண்டியதில்லை.

வெட்டவேண்டியிருந்தால் காரை வெட்டக்கூடாது, வந்து சேரும் அச்சைத்தான் வெட்டவேண்டும் என்பதை நான் கண்டிப்பாகவே சொல்வேன். இப்போது மலிவாகக் கிடைப்பது 1995 முதல் 2001 வரையிலான ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல அச்சு. அதில் பினியன் நடுவில் இல்லாமல் ஒருபக்கம் ஒதுங்கியிருக்கும். ஒரு குழல் நீளம், ஒரு குழல் குட்டை. நீண்ட குழலை வெட்டிக் குறுக்கி, இன்னொரு குட்டைத் தண்டைக் கடையில் வாங்கி அதில் செருகிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே தண்டு. அகலமும் பழைய மஸ்டாங்கின் இறக்கைக்குள் அடங்கிவிடுகிறது. இந்த யோசனையை முதலில் கண்டவர் யாரென்று தெரியாது. நாட்டுப்பாடல் போல ஆசிரியரில்லாமல் பரவியிருக்கிறது. கவனம் தேவைப்படும் இடம் வெல்டிங். ஒரே மூச்சில் பற்றவைத்தால் குழல் சூட்டில் வளைந்துவிடும். சிறுசிறு தையலாக, ஆறவிட்டு ஆறவிட்டு வைக்கவேண்டும். பினியன் நிற்கும் கோணமும், கியர் பெட்டியின் பின்தண்டு நிற்கும் கோணமும் ஒன்றுக்கொன்று இணையாக அமையவேண்டும். அமையாவிட்டால் யூனிவர்சல் ஜாயிண்ட்டுகளின் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று ஈடுசெய்யாமல், அறுபது மைல் வேகத்தில் கார் முழுக்க அதிரும்.

என் கட்சிக்காரர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காப்பி குடிக்கப் போவதற்கு மட்டும் வெளியே வரும், எஞ்சினில் கைவைக்காத காருக்கு, எண்ணூறு குதிரைத்திறன் தாங்கும் அச்சைப் போட்டுக்கொள்கிறார்கள். கேட்டால், ‘இருந்துவிட்டுப் போகட்டுமே’ என்பார்கள். இரும்பு இலவசமாக வருவதில்லை. அச்சின் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. அது கூடினால் ஒவ்வொரு பள்ளத்திலும் பின்புறம் தூக்கிப்போடும். தாழ்ந்த பினியனின் உராய்வு வேறு. அதைவிட முக்கியமானது, வலுவான அச்சு உடைவை ஒழிப்பதில்லை, இடம் மாற்றிவைக்கிறது. அச்சு முறியாது என்றானபின் யூனிவர்சல் ஜாயிண்ட் முறியும். அதையும் தடித்துப் போட்டால் கியர் பெட்டி. அதுவும் தாங்கினால் லீஃப் பட்டை முறுக்கிக்கொண்டு, அது பற்றியிருக்கும் உடல்தகட்டில் விரிசல் விடும். கடைசியில் சொன்னதைச் சரிசெய்ய எந்த இரும்புக் கிடங்கிலும் மாற்று கிடைக்காது. கார் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது அந்த உடல்தான். 8 அங்குல அச்சு, அளவான எஞ்சினுக்கும் அளவான காலுக்கும் அறுபது ஆண்டுகளாகப் போதுமானதாக இருந்துவருகிறது. தேவையில்லாதவர் அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

தேவைப்பட்ட ஒருவரை அறிவேன். நண்பர் வாங்கிய 1966 மஸ்டாங், ஆறு சிலிண்டராகப் பிறந்தது. முன்பு வைத்திருந்த யாரோ எட்டு சிலிண்டர் எஞ்சினை இறக்கிவிட்டு, அடியில் அந்த மெலிந்த நான்கு போல்ட் அச்சை அப்படியே விட்டிருந்தார். பார்வைக்கு மாற்றம் தெரியும் இடத்தில் மட்டும் பணம் செலவழித்த மனிதர் போலும். பிரேக்கும் ஆறு சிலிண்டர் காரின் சிறிய டிரம் பிரேக். இந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போவதா, கொட்டகையில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருப்பதா என்பது நண்பரின் முன்னிருந்த கேள்வி. அவர் எக்ஸ்ப்ளோரரின் அச்சை, அதன் டிஸ்க் பிரேக்கோடு பொருத்தினார். வேலை முடிந்தபின் பழைய கார் கூட்டமொன்றில் ஒருவர் குனிந்து பார்த்து, வழக்கமான அந்த வாக்கியத்தைச் சொன்னாராம். பழைய அச்சோடு கார் எத்தனை நாள் ஓடியிருக்கும் என்று நண்பர் கேட்டதற்கு, ஓட்டவேண்டும் என்று யார் சொன்னது என்பது பதில். இந்த இடத்தில்தான் நான் முழுதாகப் பிரிகிறேன். ஓடாத காரின் எண்ணெய்ச் சீல்கள் காய்கின்றன, தொட்டியில் பெட்ரோல் கெடுகிறது, பிரேக் உருளைகள் இறுகுகின்றன. வாசிக்கப்படாத நூலைக் கரையான் அரிப்பதைப் போல என்று சொன்னால் இலக்கிய வாசகர்களுக்கு எளிதில் விளங்கும்.

புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை உப்பு வணிகர்களின் சேம அச்சோடு ஒப்பிடுகிறார். காளைகள் இளையவை, பாரமோ பெரிது, பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் நேரும்போது என்ன ஆகுமோ என்று அஞ்சி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள் உமணர்கள். அந்த உமணர்களில் எவரும், முதல் அச்சு முறிந்தால் வண்டியை வழியிலேயே நிறுத்தி அதன் தூய்மையைக் காப்போம் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். உப்பு ஊர் போய்ச் சேரவேண்டும்.

நண்பர் கழற்றிய அச்சை விற்கவில்லை. எண்ணெயை வடித்து, திறந்த முனைகளை அடைத்து, கிரீஸ் தடவிய துணியைச் சுற்றிக் கொட்டகைச் சுவரோரம் கிடத்தியிருக்கிறார். எந்த நாளில், எந்த மைல் கணக்கில், எந்தக் காரின் எந்த அச்சு, என்ன விகிதத்தில் ஏறியது என்று ஒரு தாளில் எழுதி, டேஷ்போர்டு பெட்டியில் கார்ப் புத்தகத்தோடு வைத்திருக்கிறார். கதவுத் தகட்டைத் தொடவில்லை. அந்தத் தாளின் கீழே இன்னும் இரண்டு மூன்று வரிகளுக்கு இடம் விட்டிருக்கிறார்.